எழுபத்தோரு நிமிஷப் பாட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். போன மழைக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை. "ரிப்பேர் முடிஞ்சது, வாங்கம்மா, ஓட்டிப் பாத்துடலாம்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றுவிட்டது. ஆள் வந்து திறந்துவிட முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் மனசுக்குள் பிரார்த்தனை சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் வாய்விட்டுத் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்டவன் இரண்டையும் கேட்டிருப்பார். என் காதில் விழுந்ததை நான் சொல்கிறேன்.

தொழிலில் அவருக்கு 'ஸ்டெத்து' என்று பட்டப்பெயர். மோட்டார் முனகினால் மற்ற மெக்கானிக்குகள் கழற்றிப் பார்ப்பார்கள். இவர் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டாரில் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "பின்பக்க பேரிங்" என்பார். கழற்றினால் பின்பக்க பேரிங்தான் போயிருக்கும். அப்பேர்ப்பட்ட காது.

அந்தக் காது வீட்டுக்குள் நுழைந்ததும் வேலைநிறுத்தம் செய்துவிடும்.

ஏழு வருஷமாக அப்படித்தான். ஒருநாள் அவர் மனைவி ஜன்னல் திரைகளைக் கழற்றித் தரச் சொன்னார். இவர் நாற்காலியில் சாய்ந்தபடி சும்மா இருந்தார். இரண்டாவது தடவையும் சொன்னார். அசையவில்லை. "பாவம், மிஷின் ரூம்லயே கிடந்து காது மந்தமாயிடுச்சு போல" என்று அந்தம்மாவே ஸ்டூல் போட்டு ஏறிவிட்டார். ஸ்டெத்துக்கு அந்த நிமிஷம் ஞானம் பிறந்தது. அன்றிலிருந்து, குழாய் சொட்டுகிறது என்றால் காதில் விழாது. குப்பை வண்டி வந்துவிட்டது என்றால் விழாது. மச்சான் வருகிறார் என்று ஒரு வாரம் முன்னதாகச் சொன்னாலும் விழாது. 'சாப்பிட வாங்க' மட்டும் எப்படியோ விழுந்துவிடும். கேட்டால், உதட்டசைவை வைத்துத் தெரிந்துகொண்டேன் என்பார்.

இதில் துணிச்சல் என்னவென்றால், அந்தம்மா வேலை பார்ப்பது காது ஆஸ்பத்திரியில். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்லி, எவ்வளவு கேட்கிறது என்று பேப்பரில் கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. "ஒருநாள் வாங்க, உங்க காதையும் அளந்துடலாம்" என்று ஏழு வருஷமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவும் இவர் காதில் விழவில்லை.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில்தான் அந்தப் பாட்டு வந்து விழுந்தது.

மெட்டல் என்று ஒரு இசை இருக்கிறதாம். அதிலும் இது சோதனை முயற்சி ரகம். யாரைச் சோதிக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஐந்து பேர் கொண்ட குழு. ஒருவர் தொழிற்சாலைக் குழாய்களை அடிப்பார். ஒருவர் கிதாரை வாசிக்க மாட்டார், சுவரில் தேய்ப்பார். அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குத்திவிடும்போது ஒரு சத்தம் வருமே, அந்தக் குரலில் ஒருவர் பாடுவார். இளவயதில் இவர்களைக் கேட்க ஸ்டெத்து நாலு மணி நேரம் மழையில் நின்று, ஒற்றைச் செருப்போடு வீடு திரும்பியிருக்கிறார். "நான் முழுசா உயிரோட இருந்தது அந்த ஒருநாள்தாம்மா" என்றார். பாவமாக இருந்தது.

அப்புறம் ஐவரும் சண்டை போட்டுப் பிரிந்துவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் மூச்சு பேச்சில்லை. இப்போது நரைத்த தலையோடு ஒன்றுசேர்ந்து ஒரு சி.டி. இசைத்தட்டு போட்டிருக்கிறார்கள். ஒரே பாட்டு, எழுபத்தோரு நிமிஷம். அட்டையில் ஒரு உத்தரவு: முதல் தடவை, முழுச் சத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் கேட்கவும். முதல் தடவை என்பது ஒன்றுதான்.

ஸ்டெத்து அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். அலமாரிக்கு மேலே போர்வை சுற்றிக் கிடந்த பெரிய ஸ்பீக்கர்களை இறக்கினார். துடைத்தார். இசைத்தட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பார்சல் வந்த நேரம் அவர் வேலையில் இருந்தார். வாங்கி வைத்தது அந்தம்மா.

"பார்சல் எங்கம்மா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டார்.

"என் ஆஸ்பத்திரி பீரோவுல பூட்டி வச்சிருக்கேங்க."

இது மட்டும் நன்றாகவே காதில் விழுந்தது. "எதுக்கு?"

"காது மந்தமானவங்க இவ்ளோ சத்தமா பாட்டு கேட்டா இருக்கறதும் போயிடும். தெரிஞ்சே எப்படிங்க குடுப்பேன்? நாளைக்கு ஆண்டவனுக்கு நான்ல பதில் சொல்லணும்."

ஸ்டெத்து மாட்டிக்கொண்டார். காது நல்லாத்தான் இருக்கிறது என்றால் ஏழு வருஷத்துக் கோட்டை இடிந்துவிடும். இல்லை என்றால் பத்தொன்பது வருஷத்துப் பாட்டு பீரோவிலேயே கிடக்கும். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கோட்டையை இடிக்க வேண்டாம், ஒவ்வொரு கல்லாக உருவிவிடலாம். காது கொஞ்சம் கொஞ்சமாகத் தானே குணமாகட்டும்.

திங்கட்கிழமை, "ஏம்மா, காலிங் பெல் அடிச்ச மாதிரி இருந்ததே" என்று ஆச்சரியப்பட்டார்.

"உங்களுக்குக் கேட்டுச்சா? நல்லதுங்க. போய்த் திறங்க."

செவ்வாய்க்கிழமை குழாய் சொட்டுவது கேட்டது. "கேக்குதா? அப்ப வாஷரை மாத்திடுங்க." புதன்கிழமை குப்பை வண்டி கேட்டது. மூன்று மாடியும் வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். வியாழக்கிழமை திரைகளைக் கழற்றச் சொன்னது கேட்டது. வெள்ளிக்கிழமை மச்சான் வருவது கேட்டது. சனிக்கிழமை, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எனக்கு இப்ப எல்லாமே கேக்குதும்மா. பழையபடி ஆயிட்டேன். அந்தத் தட்டைக் குடுத்துடு."

"அய்யோ, இப்பத்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். குணமாகி வர்ற காது பச்சைக் குழந்தை மாதிரி. ஆறு மாசம் போகட்டும்."

"ஆறு மாசமா?"

"உங்க நல்லதுக்குத்தாங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்ல காதாகவும் வேலை செய்தாகிவிட்டது, செவிட்டுக் காதாகவும் தண்டனை அனுபவித்தாகிவிட்டது. இனி இழக்க ஒன்றுமில்லை.

"நடிச்சேம்மா."

"என்னது?"

"எனக்கு ஒண்ணுமே இல்ல. ஏழு வருஷமா எல்லாம் கேட்டுச்சு. நடிச்சேன்."

அந்தம்மா கோபப்படவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்கவும் இல்லை. "தெரியும்" என்றார்.

"எப்போலேர்ந்து?"

"மொத வருஷத்துலேர்ந்து. 'உங்களுக்கு ஸ்வீட் வாங்கி வச்சேன்'னு அடுப்படிக்குள்ள முணுமுணுத்தேன், ஹால்லேர்ந்து வந்து நின்னீங்க. நீங்களா சொல்லணும்னு காத்திருந்தேன். தினம் அதுக்குத்தான் வேண்டிக்கிட்டேன்."

பிறகு கைப்பையிலிருந்து ஒரு ஆஸ்பத்திரித் தாளை எடுத்தார். என் காது நன்றாகக் கேட்கிறது, கேட்காதது போல் இருந்தது நடிப்பு, இனி எல்லாம் காதில் விழும். இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டார் ஸ்டெத்து. பேனாவை வைத்ததும் அதே பைக்குள்ளிருந்து இசைத்தட்டு வந்தது. பீரோவுக்கே போகவில்லை அது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஸ்பீக்கர்கள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஸ்டெத்து சுத்தமாகக் குளித்து, சட்டை மாற்றி, நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சத்தத்தைக் கடைசி வரை திருப்பினார். தட்டை ஓடவிட்டார். இந்த நாளுக்காகத்தானே குப்பை தூக்கினோம் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடினார்.

ஒன்றும் வரவில்லை.

காத்திருந்தார். எழுந்து ஒயரை அசைத்துப் பார்த்தார். ஸ்பீக்கருக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார்.

"நல்லா இருக்குங்க" என்றார் மூலையில் இருந்த மனைவி. "நான் என்னமோன்னு பயந்தேன்."

"என்ன நல்லா இருக்கு? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

"ஆரம்பிச்சு நாலு நிமிஷம் ஆச்சே. கண்ணாடி டம்ளர் விளிம்பை விரலால தேச்சா வருமே, அந்த மாதிரி. அதுக்குள்ள யாரோ தூரத்துல விசில் அடிக்கறாங்க."

ஸ்டெத்து சிரித்தார். "புரியுது. ஏழு வருஷம் நான் நடிச்சதுக்கு ஏழு நிமிஷம் நீ நடிக்கறியா? நடத்து."

அந்தம்மா சிரிக்கவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, வாயை ஒரு கையால் பொத்தியபடி நின்றார்.

"அண்ணே, தப்பா நெனச்சுக்காதீங்க. அந்த விசில் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. ஊசில நூல் கோக்க முடியல. பல்லெல்லாம் கூசுது."

ஸ்டெத்து ஸ்பீக்கரைப் பார்த்தார். எழுந்து போய் அதன் வலையில் உள்ளங்கையை வைத்தார். எப்போதும் சட்டைப்பையில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை ஸ்பீக்கர் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் அழுத்தினார். ஒன்றுமில்லை. மறுகாதில் வைத்தார். ஒன்றுமில்லை.

"என்னம்மா இது?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"மோட்டார் சத்தம் கனமானது, அது உங்களுக்குக் கேக்கும். மெல்லிசு சத்தம்தான் முதல்ல போகும். மிஷின் ரூம் ஆளுங்க எத்தனை பேருக்கு நான் கோடு போட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார் அந்தம்மா. "நிறுத்திடட்டுமா?"

"வேணாம். நிறுத்தக்கூடாது."

பன்னிரண்டாம் நிமிஷம் குழாய்களும் சாக்கடைக் குரலும் வந்தன. அதெல்லாம் நன்றாகக் கேட்டது. ஆனால் அவர் முகம் மலரவில்லை. அது எதற்குப் பிறகு வருகிறது என்பதுதானே அவருக்குத் தெரியவில்லை. கடைசி ஒன்பது நிமிஷம் மறுபடி அறை அமைதியானது. அந்தம்மா அவர் இடது காதருகே குனிந்து, "இப்ப விசில் பக்கத்துல வருது. இப்ப இன்னொண்ணும் சேருது. இப்ப ஒண்ணு போயிடுச்சு" என்று தட்டு நிற்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷம் காத்திருந்த பாட்டை அவர் அப்படித்தான் கேட்டார். முதல் தடவை முடிந்துபோயிற்று.

மறுநாள் தானாகவே போய்க் கூண்டுக்குள் உட்கார்ந்தார். ஏமாற்றாமல் பொத்தானை அழுத்தினார். கோடு மாடிப்படி மாதிரி இறங்கியிருந்தது. வலது காதில் இன்னும் செங்குத்து.

"நீங்க நடிச்சது பாதிதான் இருக்கும்ங்க" என்றார் அந்தம்மா, தாளைத் திருப்பிக் காட்டி. "மீதி நிஜமாவே கேட்டிருக்காது. அதுக்கும் சேத்து உங்களை மனசுக்குள்ள திட்டிட்டேன். மன்னிச்சுக்கோங்க."

"அப்ப எழுதிக் குடுத்த தாளைக் கிழிச்சுடலாமா?"

"அது இருக்கட்டும்ங்க. இதுக்குத்தான் காதுல மாட்டற மிஷின் இருக்கே."

இப்போது இரண்டு காதிலும் சின்னதாகக் கருவி மாட்டியிருக்கிறார். அதைப் போட்டுக்கொண்டு அந்த விசிலைக் கேட்டுப் பார்த்தாராம். கேட்கிறதாம், ஓட்டை ரேடியோவில் கேட்பது போல. அந்தம்மாதான் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்தத் தட்டைப் போடச் சொல்லி ரசிக்கிறாராம். கருவியில் பொத்தான் எதுவும் கிடையாது. சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் போனில்தான். அதுவும் அந்தம்மாவின் போனில்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் கட்டடத்து லிஃப்டுக்கு அவர் வந்தால், வலது பக்கம் நின்று பேசாதீர்கள். இடது பக்கமாக வந்து, முகத்தைப் பார்த்து, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.