உப்புச் சந்து ஓடையும் பேசும் விளக்கும்

செவ்வாய்க்கிழமை விடிந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குப் போட்டியாக ஒருவர் கூட்டம் சேர்ப்பார். சேஷ ஜோசியர். பிள்ளையாராவது ஒரு தேங்காயோடு ஆளை விட்டுவிடுவார். ஜோசியர் விடமாட்டார்.

பரீட்சை எழுதியவன், பெண் தேடுகிறவன், பசுவைத் தொலைத்தவன், கேஸில் தோற்றவன், எல்லாரும் அங்கேதான். நடுவில் ஒற்றைத் திரி போட்ட வெண்கல விளக்கு. ஜோசியர் மந்திரம் சொல்லி முடித்து, "இனி கேளுங்கோ" என்பார். வந்தவர் கேட்பார். சுடர் நின்று எரிந்தால் தெய்வம் சரி என்றது. அணைந்தால் வேண்டாம் என்றது. ஹைகோர்ட் தீர்ப்புக்குக்கூட அப்பீல் உண்டு. இந்த விளக்கின் தீர்ப்புக்குக் கிடையாது.

ராஜா ஆட்சி போய் வோட்டு வந்த புதிது. நகரசபைக் கவுன்சிலர் பகவதிப்பெருமாளும் அந்தக் கூட்டத்தில் ஒருவர். நல்ல மனிதர். யாரிடமும் கை நீட்டாதவர். என்ன பிரயோசனம்? கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு மண்டையை வாடகைக்கு விட்டிருந்தார்.

அவருடைய வார்டில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது உப்புச் சந்து. மழை பெய்தால் கடைத்தெருச் சாக்கடை முழுவதும் சந்தின் ஒரே கிணற்றில் போய் விழும். சந்தில் குடியிருந்த முத்தாரம்மாளின் மூத்த மகள் மங்கலம் டைபாய்டில் போனது அந்தத் தண்ணீரால்தான் என்று டாக்டர் சொன்னார். இளையவள் சரசு இன்னும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

இடவப்பாதிப் பருவமழைக்கு முன்னால் கல் ஓடை கட்டிச் சாக்கடையைத் திருப்ப வேண்டும் என்று நகரசபையில் தீர்மானம் வந்தது. ஓடை போக வேண்டிய புறம்போக்கில் மொத்த வியாபாரிகள் குடோன்களுக்குச் சார்ப்புக் கூரை இறக்கியிருந்தார்கள். ஓடை வந்தால் சார்ப்பு போகும். சபையில் இரு பக்கமும் சரிசமம். பகவதிப்பெருமாளின் கை எந்தப் பக்கம் உயருமோ அந்தப் பக்கம் ஜெயம்.

ஆகவே எல்லாரும் அவர் வீட்டுக்குப் படையெடுத்தார்கள். சந்துப் பெண்கள் கிணற்றுத் தண்ணீரைச் செம்பில் கொண்டுபோய்க் காட்டினார்கள். வியாபாரிகள் சங்கக் காரியதரிசி குற்றாலலிங்கம், சிவப்புக் கயிறு கட்டிய பெரிய நேந்திர வாழைக்குலையோடு வந்தார். கவுன்சிலர் செம்பை முகர்ந்து முகம் சுளித்தார். குலையைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான்.

"செவ்வாக்கிழமை விளக்குகிட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்."

குற்றாலலிங்கம் வருத்தப்படவில்லை. அதே குலையோடு நேராகப் பழவங்காடி ஜோசியர் வீட்டுக்கு நடந்தார். அங்கே குலை திரும்பி வரவில்லை. மறுநாள் அந்த வழியாகப் போன முத்தாரம்மாள், ஜோசியர் வீட்டு உத்தரத்தில் சிவப்புக் கயிற்றோடு அது தொங்குவதைப் பார்த்தாள்.

அந்த விளக்கை அவளுக்கு முன்பே தெரியும். மங்கலம் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டார் முத்தாரம்மாளை இழுத்துக்கொண்டு இங்கேதான் ஓடி வந்தார்கள். பிழைப்பாளா? சுடர் அசையாமல் எரிந்தது. தெய்வமே சொல்லிவிட்டது, ஆஸ்பத்திரி எதற்கு என்று நிம்மதியாகத் திரும்பினார்கள். மங்கலம் அந்த வாரத்தைத் தாண்டவில்லை. விளக்கு மட்டும் அடுத்த செவ்வாயும் வெட்கமில்லாமல் எரிந்தது.

அதன்பிறகு முத்தாரம்மாள் அடிக்கடி கூட்டத்தின் பின்னால் போய் நின்றாள். கும்பிட அல்ல, கவனிக்க. 'சரி' வாங்கிப் போனவர்களுக்கு மந்திரம் குட்டை. 'வேண்டாம்' வாங்கியவர்களுக்கு மந்திரம் நீளம். சுடர் சடசடக்கத் தொடங்கிய பிறகுதான் "இனி கேளுங்கோ" வரும். தெய்வத்துக்கு எப்போது கோபம் வரும் என்பது ஜோசியருக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது!

செவ்வாய் வந்தது. சந்தும் கடைத்தெருவும் திரண்டு நின்றன. ஓடை கட்டலாமா என்பதுதான் கேள்வி.

"அண்ணாச்சி, கேள்விய நான் கேக்கட்டுமா?" என்றாள் முத்தாரம்மாள் கவுன்சிலரிடம். "பிள்ளையப் பறிகொடுத்தவ நான்."

"அதுக்கென்னம்மா, கேளு."

"ஸ்திரீகள் கேக்கப்படாது," என்றார் ஜோசியர்.

"எம் மகளுக்காக வந்தப்போ தட்டுல தட்சிணை வச்சது இந்தப் பொம்பளை கைதானே ஜோசியரே? அன்னைக்குத் தீட்டு இல்லியோ?"

கூட்டம் சிரித்தது. ஜோசியர் அவசரமாகக் கண்ணை மூடிக்கொண்டார். மந்திரம் தொடங்கியது, நீண்டது, வைகுண்டம் போய்ச் சாமான் வாங்கித் திரும்பி வரும் அளவுக்கு நீண்டது. சுடர் சடசடத்தது.

"இனி கேளு. வேகம் கேளு!"

முத்தாரம்மாள் கை கூப்பினாள். "தெய்வமே, குற்றாலலிங்கம் அண்ணாச்சி குடோன் சார்ப்பு இப்போ இருக்க எடத்துலயே இருக்கலாமா?"

ஜோசியரின் கை விளக்கை நோக்கிப் பாய்ந்தது. தாமதம். புஸ்ஸென்று அணைந்தது.

"ஓய்! குலைய வாங்கித் தின்னுட்டு இதுவாவே செய்வீரு?" என்று கத்திவிட்டார் குற்றாலலிங்கம்.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் நம் ஜனங்கள் லேசில் திருந்துகிறவர்களா? சந்துக்காரர்கள் தடாலென்று விளக்கின் காலில் விழுந்தார்கள். கவுன்சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஈஸ்வர கட்டளை! ஓடை வரணும்னு தெய்வமே சொல்லிட்டுது!"

"நமக்குச் சாதகமாத்தானே வந்திருக்கு? சும்மா இருட்டி," என்று பக்கத்து வீட்டுக்காரி முத்தாரம்மாளின் முந்தானையை இழுத்தாள்.

சும்மா இருந்தால் ஓடை வந்துவிடும். சரசுக்கு நல்ல தண்ணீர் வந்துவிடும். முத்தாரம்மாள் தயங்கினாள். மங்கலம் பிழைப்பாள் என்று சொன்னபோதும் இந்த விளக்கு சாதகமாகத்தான் சொன்னது.

விளக்கை எடுத்துத் தரையில் கவிழ்த்தாள். ஓடியது தண்ணீர். அதன்மேல் பேருக்கு மினுமினுவென்று எண்ணெய்.

"பாத்துக்கிடுங்க. மேல எண்ணெய், கீழ தண்ணி. எண்ணெய் தீந்தா அணையும். இதுல தெய்வம் எங்க இருக்கு?"

விளக்கைத் துடைத்து, தான் கொண்டுவந்த எண்ணெயை ஊற்றி, புதுத் திரி போட்டு ஏற்றினாள். "சார்ப்பு இருக்கலாமா?" எரிந்தது. "சார்ப்பு போகலாமா?" அதற்கும் எரிந்தது.

"இது எந்தக் கட்சி அண்ணாச்சி?"

"நாஸ்திகர் தொட்டா தெய்வம் எறங்கிப் போகும்," என்று முனகினார் ஜோசியர்.

"அது போயிட்டுதுல்லா? நீரும் கிளம்பும்," என்றாள் முத்தாரம்மாள்.

பகவதிப்பெருமாள் திருவிழாவில் கைவிடப்பட்ட பிள்ளைபோல விழித்தார். "அப்போ நான் யாருகிட்டதான் கேக்கது?"

"எங்ககிட்ட கேளுங்க. வோட்டுப் போட்டது நாங்கல்லா."

சந்துக்கு அழைத்துப் போய், கிணற்றில் ஒரு வாளி இறைத்து, செம்பில் ஊற்றி நீட்டினாள். "குடிங்க அண்ணாச்சி. எம் பிள்ளை தினமும் குடிக்கது."

செம்பு வாய்வரை போனது. திரும்பி வந்தது.

நகரசபையில் அவர் கை ஓடைக்காக உயர்ந்தது. அந்த நேரம் ராகுகாலம் என்று பிற்பாடு யாரோ கண்டுபிடித்தார்கள். கை சுளுக்கவில்லை. மழைக்கு முன்னால் ஓடை வந்தது. சரசு வளர்ந்து பெரியவளானாள். மங்கலத்துக்குத்தான் அந்த ஓடை வந்துசேரவில்லை.

சேஷ ஜோசியர் கொல்லத்தில் கடை விரித்திருப்பதாகக் கேள்வி. அங்கேயும் நல்ல கூட்டமாம். போகட்டும், ஆனால் போகிறவர்கள் ஒன்றை யோசித்துவிட்டுப் போகட்டும். கவுன்சிலரிடம் கேட்க வேண்டியதை விளக்கிடம் கேட்டால், தப்பாகச் சொன்ன விளக்கை அடுத்த தேர்தலில் எப்படி ஐயா தோற்கடிப்பீர்கள்?