பேய்ப்பாட்டின் மீதிப் பாட்டு

ஓமானில் சோஹார் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில் அங்கே இருந்த கிரேன், கம்ப்ரசர், கான்கிரீட் லாரி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட விட்டாலும், எங்கள் ஸ்டோர் கீப்பர் ஒரு சின்ன கேசட் பிளேயரை வைத்துக்கொண்டு எழுப்பிய சத்தத்துக்கு அது ஈடாகாது. பெற்றோர் வைத்த நல்ல பெயர் ஒன்று அவருடைய பாஸ்போர்ட்டில் இருந்தது. பாஸ்போர்ட் என் பீரோவில் இருந்தது. ஆகவே அந்தப் பெயரை அறிந்தவன் நான் ஒருவன்தான். கேம்ப்பில் மற்ற அனைவருக்கும் அவர் பேய்ப்பாட்டு.

நான் அந்தக் கம்பெனியில் நிர்வாக அதிகாரி. விசா, லேபர் கார்டு, மெடிக்கல், லீவ் என்று எதற்கு எந்த அலுவலகத்தில், எந்த ஜன்னலில், எந்த நிற மையில் கையெழுத்து வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வரப்போகும் அவமானத்துக்கு ஆதாரமாகச் சொல்லி வைக்கிறேன்.

பேய்ப்பாட்டு அரியலூர்ப் பக்கம். இரண்டாயிரமாவது ஆண்டு தொடக்கத்தில் ஓமானுக்கு வந்தார். அப்போது எங்கள் சைட்டில் இயந்திரம் பொருத்த நார்வேயிலிருந்து ஒரு எஞ்சினீயர் வந்திருந்தார். ஊர் திரும்புவதற்கு ஒரு வாரம் முன்பு, மிச்சமிருந்த போல்ட், நட்டுகளோடு ஒரு கேசட்டையும் பிளேயரையும் ஸ்டோரில் போட்டார். ஸ்டோரில் எது வந்தாலும் அது இன்னதென்று எழுதியாக வேண்டும். இன்னதென்று தெரிந்துகொள்ள பேய்ப்பாட்டு அதைப் போட்டுக் கேட்டார்.

"மொதல்ல டேப்பு சிக்கிக்கிச்சுன்னு நெனச்சேன் சார். ஹெட்ட ஸ்பிரிட்டு வச்சித் தொடச்சிட்டு மறுபடி போட்டேன். அப்பவும் அப்படியேதான் இருந்துச்சு. சரி, பாட்டே இதுதான் போலருக்குன்னு முழுசாக் கேட்டேன். அதுலேருந்து வேற எதுவும் புடிக்க மாட்டேங்குது சார்."

அந்தக் குழு எஞ்சினீயர் ஊர்க்காரர்களுடையது. பல வருடங்களாகப் பாடுகிறவர்களாம். இந்த வகைக்கு பிளாக் மெட்டல் என்று பெயர். முகத்தில் வெள்ளையும் கருப்பும் அப்பிக்கொண்டு, அடித் தொண்டையிலிருந்து, பல்வலிக்காரன் கனவில் கத்துவதுபோலக் கத்துவார்கள். கேசட்டில் இருந்தது அவர்கள் மேடையில் பாடியபோது எஞ்சினீயர் கூட்டத்தில் நின்று தானே பதிவு செய்தது.

பேய்ப்பாட்டு வந்து ஒரு மாதத்தில் அவருடைய ரூம்காரர்கள் எழுத்துமூலம் புகார் கொடுத்தார்கள். ஆறு கையெழுத்து, ஒரு கைநாட்டு. "மேற்படியார் அறையில் தினமும் ஆட்டை அரைகுறையாக அறுக்கும் சத்தம் வருகிறது" என்பது வாசகம். விதிப்படி இரு தரப்பையும் விசாரித்தேன். இனி ஹெட்போன் மாட்டித்தான் கேட்க வேண்டும், சாப்பாட்டு இடைவேளையில் மட்டும் ஸ்டோர் கண்டெய்னருக்குள் சத்தமாக வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டேன். இதனால் கம்பெனிக்கு நன்மையே விளைந்தது. சாமான் வாங்க வந்தவர்கள் கேட்டதை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். இரண்டு நாள் சரக்குச் சரிபார்க்க மஸ்கட்டிலிருந்து வந்த ஆடிட்டர் பத்து நிமிடத்தில் "எல்லாம் சரி" என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியேறினார்.

ஹெட்போன் வேறு விதத்தில் வினையானது. பாட்டு நமக்குக் கேட்காது. பேய்ப்பாட்டின் தலை மட்டும் மேலும் கீழும் வேகமாக ஆடும். புதிதாக வந்த மலையாளி சேஃப்டி ஆபீசர் அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் அறைக்கு ஓடி வந்தார்.

"சாரே, ஸ்டோர் கீப்பர்க்கு ஃபிட்ஸ்! ஆம்புலன்ஸ் விளிச்சாச்சு!"

ஆம்புலன்ஸ் வந்தது. பேய்ப்பாட்டு படுக்க மறுத்தார். வந்த ஆம்புலன்ஸ் சும்மா போனால் அதற்குத் தனி படிவம் நிரப்ப வேண்டும். ஆகவே சேஃப்டி ஆபீசரின் ரத்த அழுத்தத்தைப் பார்த்து அனுப்பி வைத்தோம். அதுதான் அதிகமாக இருந்தது.

"இதுல அப்படி என்னய்யா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன். கண்டெய்னருக்குள் சூடு நாற்பத்தெட்டு டிகிரி. நான் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தேன்.

"எல்லாம் பனியப் பத்தின பாட்டுங்க சார். காடு, பனி, இருட்டு. எஞ்சினீயர் சொன்னாரு. கண்ண மூடிக் கேட்டா குளுருது சார். அப்பறம்..." என்று பிளேயரின் சத்தத்தைக் குறைத்தார். "நாம இங்க யார்கிட்ட கத்த முடியும், சொல்லுங்க? அவரு கத்துறாரு. நமக்கும் சேத்துக் கத்துற மாதிரி இருக்கு."

பிறகு அவருடைய உண்மையான கஷ்டத்தைச் சொன்னார். கேசட்டின் கடைசிப் பாட்டு பாதியில் நின்றுவிடும். பாட்டு ஏறி, ஏறி, உச்சிக்குப் போகிற இடத்தில் டேப் தீர்ந்து 'டக்' என்று பட்டன் எழும்பிவிடும். அந்தப் பாட்டுக்கு மேடையில் மட்டும் ஒரு தனி முடிவு உண்டு, அது எந்த இசைத்தட்டிலும் கிடைக்காது, நேரில்தான் கேட்க வேண்டும் என்று எஞ்சினீயர் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அதற்குள் ஐந்து வருடம் ஓடியிருந்தது; அத்தனை காலமும் இந்த மனிதர் தினமும் அந்த 'டக்' வரைக்கும் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

ஒரு நாள் காலை என் மேஜை மீது லீவ் படிவம் ஒன்று இருந்தது. எங்கள் கேம்ப்பில் லீவ் படிவங்களில் தகப்பனார்கள் மூன்று முறை இறப்பார்கள், ஒரே தங்கைக்கு நான்கு கல்யாணம் நடக்கும். இதில் 'காரணம்' என்ற இடத்தில் 'கச்சேரி' என்று எழுதியிருந்தது. என் சர்வீஸில் உண்மைக் காரணம் எழுதி வந்த முதல் படிவம் அது.

"அவங்க துபாய்க்கு வர்றாங்க சார்!" பேய்ப்பாட்டு பரோட்டா சுற்றி வந்த இங்கிலீஷ் பேப்பரை என் முன்னால் விரித்தார். அதில் எண்ணெய்க் கறைக்கு நடுவே காய்ந்த முள்செடி போல ஏதோ கிறுக்கியிருந்தது.

"இது அவங்கதான்னு எப்படிய்யா தெரியும்? பேரே படிக்க முடியலையே."

"படிக்க முடியலைல்ல சார்? அதான் அவங்க."

ஊர்க்காரர் ஒருவர் மூலம் துபாயில் டிக்கெட் வாங்கி பஸ் டிரைவர் கையில் வரவழைத்தார். கசங்கிவிடக் கூடாதென்று என் ஆபீஸ் இயந்திரத்திலேயே அதை லேமினேட் செய்துகொண்டார். எனக்கும் துபாயில் கண் டாக்டரைப் பார்க்கிற வேலை இருந்தது. "என் கார்லயே வா. பார்டர்ல ஒண்ணுன்னா நான் பேசிக்கறேன்" என்றேன். அந்தக் காலத்தில் ஓமானில் வேலை செய்கிறவர் துபாய்ப் பக்கம் போக எல்லையிலேயே விசா அடிப்பார்கள். ஆனால் மேஜை வேலைக்காரர்களுக்கு மட்டும். கை வேலைக்காரர்களுக்குக் கிடையாது. எது மேஜை, எது கை என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு. அதுவும் எனக்கு மனப்பாடம். ஸ்டோர் கீப்பர் மேஜை. 'இவர் எங்கள் ஸ்டோர் கீப்பர்' என்று சீல் குத்தி ஒரு கடிதமும் தயார் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பேய்ப்பாட்டு கருப்புச் சட்டையும் கையில் ஒரு டிபன் பாக்ஸுமாக வந்தார். திறந்து பார்த்தேன். ஒரு தட்டில் விபூதி, மறு தட்டில் கண்மை.

"சோறு எங்கய்யா?"

"மூஞ்சிக்கு சார். அங்க எல்லாரும் போட்டுக்கிட்டு வருவாங்களாம்."

"விபூதியையா?"

"கோயில் விபூதி இல்ல சார், கடையில வாங்குன பாக்கெட்டு. தப்பில்ல."

பாஸ்போர்ட் படத்தில் இருக்கும் முகத்தோடுதான் எல்லையைத் தாண்ட வேண்டும், அப்புறம் என்ன வேண்டுமானாலும் பூசிக்கொள் என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

ஓமான் பக்கம் சுலபமாக முடிந்தது. துபாய்ப் பக்கத்து ஜன்னலில் இருந்த இளைஞர் என் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். பேய்ப்பாட்டின் லேபர் கார்டு எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"பிளாஸ்டரர். மாஃபி விசா." விசா கிடையாது.

நான் சிரித்துக்கொண்டே கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தையும் கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கடிதத்தில் ஸ்டோர் கீப்பர். கார்டில் சிமென்ட் பூசுகிற தொழிலாளி. இரண்டும் என் கையால் நடந்தவை.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. பேய்ப்பாட்டு வந்த வருடம் எங்களிடம் மிச்சமிருந்ததெல்லாம் பூச்சு வேலை விசாக்கள். ஆள் அவசரம். 'இப்போது பிளாஸ்டரர் என்று போட்டு இறக்கிவிடலாம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று நானே எழுதினேன். வளைகுடாவில் 'அப்புறம்' என்றால் எப்போது என்று எல்லாருக்கும் தெரியும். அடுத்தவர் எழுதிய காகிதத்தை நான்கு முறை சரிபார்ப்பேன். என் கையெழுத்து இருக்கும் காகிதத்தை மட்டும் பார்க்கிற வழக்கமில்லை.

வாதாடினேன். விதி எண் சொன்னேன். இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கலாஸ், பாபா", பேச்சு முடிந்தது என்றார். அவர் செய்தது சரி. அவர் இடத்தில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

ஓமான் பக்கம் திரும்பி வந்து அங்கிருந்த கஃபடேரியாவில் உட்கார்ந்தோம். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எல்லாம் என் தப்புய்யா."

"அட விடுங்க சார். அந்த விசா இல்லன்னா நான் ஓமானுக்கே வந்திருக்க மாட்டேன். இந்தப் பாட்டக் கேட்டிருக்கவும் மாட்டேன்." சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "நீங்க போங்க சார்."

"நானா? அதுக்கா?"

"கண்ணாஸ்பத்திரி போறீங்கல்ல? அப்படியே போயி, போன ஆன் பண்ணித் தூக்கிப் புடிச்சீங்கன்னா, நான் இங்கேருந்தே கேட்டுக்கறேன். மீதிப் பாட்டு மட்டும் போதும் சார்."

இப்படியாக, ஐம்பத்திரண்டு வயதில், சட்டையை டக் இன் செய்து, பையில் இரண்டு பேனாவுடன், ஒரு திறந்த மைதானத்தில் பிளாக் மெட்டல் கச்சேரிக்குப் போய் நின்றேன். வாசலில் இருந்த காவலாளி டிக்கெட்டைக் கிழிக்கப் பார்த்தார். லேமினேஷன் கிழியவில்லை. கடித்தும் பார்த்தார். கடைசியில் டிக்கெட்டையும் என்னையும் முழுசாக உள்ளே விட்டார். உள்ளே எல்லாம் கருப்புச் சட்டைப் பிள்ளைகள். ஒரு லெபனான் பையன் மிக மரியாதையாக, "அங்கிள், யாரையாவது தேடுறீங்களா?" என்று இங்கிலீஷில் கேட்டான். இன்னொருவருக்குப் பதிலாக வந்திருக்கிறேன் என்றேன். "அத்தாரிட்டி லெட்டர் இருக்கா?" என்று அவன் கேட்கவில்லை. நான் என்றால் கேட்டிருப்பேன்.

மாலை ஐந்தரைக்குக் குழு மேடை ஏறியது. காடும் பனியும் இருட்டும் பாடுகிறவர்களை நல்ல வெயிலில் நிறுத்திவிட்டார்கள். பாடகருக்கு என் வயதிருக்கும், என் தொப்பையும் இருந்தது. முகத்தில் பூசிய வெள்ளை வேர்வையில் கரைந்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்த மாதிரி கழுத்து வழியாக ஓடியது. டிரம் அடிப்பவர் பாட்டுக்குப் பாட்டு லபான் மோர் குடித்தார். ஆனால் பாட ஆரம்பித்தார்கள் பாருங்கள், என் பையிலிருந்த பேனாக்கள் இரண்டும் நடுங்கின.

நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். சத்தம் குறையும்போதெல்லாம் காதில் வைத்தால் உத்தரவு வரும்.

"சார், டிரம்மு கேக்கல, கொஞ்சம் லெஃப்ட்டுல போங்க!"

போனேன்.

"சார், கைய எறக்கிட்டீங்களா? மங்கலாக் கேக்குது!"

தூக்கினேன். தோள்பட்டை இற்று விழுந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் நான் கை உயர்த்தி நிற்பதைப் பார்த்துப் பரவசத்தில் இருக்கிறேன் என்று நினைத்து என் முதுகில் தட்டினார்கள்.

கடைசியாக அந்தப் பாட்டு. கண்டெய்னர் வாசலில் நின்று நின்று எனக்கும் அது பழகியிருந்தது. ஏறியது, ஏறியது, டேப் தீரும் இடத்துக்கு வந்தது. சட்டென்று எல்லாச் சத்தமும் நின்றது. மாலைத் தொழுகைக்கான மக்ரிப் பாங்கு. கச்சேரியை நிறுத்தச் சொல்லி ஏற்பாட்டாளர்கள் கை காட்டிவிட்டார்கள். அந்த ராட்சத வேஷக்காரர்கள் ஐந்து பேரும் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்பதுபோலக் கை கட்டி நின்றார்கள். போனைக் காதில் வைத்தேன். அந்தப் பக்கமும் எங்கோ பாங்கு கேட்டது.

"சார்" என்றார் பேய்ப்பாட்டு, மிக மெதுவாக. "டேப்பும் இதே எடத்துலதான் சார் நிக்கும்."

"இருய்யா. முடிஞ்சதும் பாடுவாங்க."

"பாடுவாங்களா சார்?"

அவ்வளவுதான். போன் அணைந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேலாகத் திறந்து வைத்திருந்ததில் சார்ஜ் தீர்ந்துபோயிருந்தது. எல்லா நடைமுறையும் தெரிந்தவன் சார்ஜர் கொண்டுவரவில்லை.

பாங்கு முடிந்தது. அவர்கள் விட்ட இடத்திலிருந்தே தொடங்கினார்கள். அணைந்த போனை நான் ஏன் அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது.

எல்லைக்குத் திரும்பியபோது ஒன்பது மணி. கண் டாக்டரைப் பார்க்கவில்லை. கஃபடேரியா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில், முகமெல்லாம் விபூதியும் கண்மையுமாக, முழு வேஷத்தில் பேய்ப்பாட்டு உட்கார்ந்திருந்தார். வாயைச் சுற்றி மட்டும் வெள்ளை அழிந்திருந்தது. டீ குடித்திருக்கிறார்.

காரில் ஏறினார். நான் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை.

"பாடுனாங்களா சார்?"

"பாடுனாங்க."

"எப்படி முடியுது?"

எப்படிச் சொல்வது? வார்த்தையில் சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. கண்ணாடியை ஏற்றினேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். பிறகு, நிர்வாக அதிகாரியான நான், என் அடி வயிற்றிலிருந்து கத்தினேன். கஃபடேரியா மலையாளி ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார். "எந்தா சாரே? நெஞ்சு வேதனையோ?" கையால் சைகை காட்டிவிட்டுத் தொடர்ந்தேன். ஏனென்றால் முடிவு அந்தக் கத்தலில் இல்லை. கத்தல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்து, முனகலாகி, கடைசியில் மைக்கில் வெறும் மூச்சு மட்டும் வரும். பனி பெய்கிற சத்தம் அப்படித்தான் இருக்குமோ என்னவோ. நானும் கேட்டதில்லை.

பேய்ப்பாட்டு கண்ணை மூடியிருந்தார்.

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

"இன்னும் பெருசா கத்துவாருன்னு நெனச்சிருந்தேன்." கண்ணைத் திறக்காமலே சீட்டில் சாய்ந்துகொண்டார். "இன்னொரு தடவ சார்."

சோஹார் போய்ச் சேருவதற்குள் ஐந்து தடவை பாடினேன். ஒரு வாரம் எனக்குக் குரல் இல்லை. அந்த ஒரு வாரமும் ஆபீஸில் எல்லா உத்தரவுகளும் எழுத்துமூலமே போயின.

மறுநாளே தொழில் மாற்றத்துக்கு மனு எழுதினேன். மனு ஏறி இறங்கி, அவர் கார்டில் 'ஸ்டோர் கீப்பர்' என்று வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதற்குப் பிறகு அந்தக் குழு நாங்கள் இருந்த திசைக்கு வரவில்லை. பேய்ப்பாட்டு சவூதியில், யான்புவில், வேறு வேலை கிடைத்துப் போனார். போகிற அன்று கேசட்டை என் மேஜையில் வைத்து, ஸ்டோர் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பொருள்: கேசட், ஒன்று. நிலை: பாதி. மீதி: சாரிடம்.

சீட்டின் அடியில் 'திருப்பித் தர வேண்டியது' என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார். ஓய்வு பெற்று திருச்சிக்கு வந்து வருடங்கள் ஆகின்றன. அதைப் போட்டுக் கேட்க இப்போது என்னிடம் பிளேயர் கிடையாது. ஆனால் நான் விதிமுறைப்படி நடக்கிறவன். அவர் வந்து கேட்கும்போது கேசட்டையும் கொடுக்க வேண்டும், மீதியையும் கொடுக்க வேண்டும். அதனால் குளிக்கும்போது, மாதம் ஒரு முறையாவது, மறந்துவிடாமல் பாடி வைக்கிறேன்.