கியர் இல்லாத கார்

நான் சொல்வதில் ஒரு சொல் பொய்யென்றாலும் மிச்சமிருக்கும் பற்களும் இன்றே உதிரட்டும். மிச்சம் கொஞ்சம்தானே என்று இளக்காரம் வேண்டாம், சத்தியம் சத்தியம்தான்.

மாமியார் பத்து நாள் தங்க வருகிறார் என்றாள் மனைவி. ஸ்டேஷனுக்கு நம் கார்தான் போக வேண்டுமாம். வாடகைக் காரில் ஏறினால் அவருக்கு வாந்தி வருமாம். பஸ் டெப்போவில் கியர் பாக்ஸ் பிரித்தே நரைத்தவன் நான். மறுநாள் காலையிலேயே நம் காரின் கியர் பாக்ஸை இறக்கிவிட்டேன்.

"என்ன பண்றீங்க?"

"இனிமே கியரே கிடையாது. இன்ஜின் பம்பைச் சுத்தும். பம்பு எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் சக்கரத்துல இருக்கிற மோட்டாரைச் சுத்தும். பிரேக் போட்டா அந்த வேகம்கூட வீணாகாது, சிலிண்டர்ல அழுத்தமாப் போய் உக்காந்துக்கும். கிளம்புறப்போ அதுவே தள்ளிவிடும். பெட்ரோல் பாதி மிச்சம்."

"எப்ப முடியும்?"

"ஆராய்ச்சிம்மா. அவசரப்பட்டா ஆகுமா? உங்கம்மாவை அடுத்த வருஷம் வரச் சொல்லு."

அவள் நம்ப வேண்டுமே. பழைய இரும்புக் கடையில் பம்பு, மோட்டார், சிலிண்டர் எல்லாம் வாங்கி வாசலில் பரப்பினேன். வென்ற களைப்பில் சாப்பிட்டுப் படுத்தேன்.

மாமனார் பொக்லைன் ரிப்பேர் கடை வைத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். மண் தோண்டும் அந்த யந்திரமே எண்ணெய் அழுத்தத்தில்தான் நகர்கிறது என்பதும் தெரியும். கடையில் அவர் பேப்பர் படித்தார், ஸ்பேனர் பிடித்ததெல்லாம் வீட்டுப் பெண்கள் என்பதை மட்டும் இத்தனை வருஷமாக எவரும் சொல்லவில்லை.

எழுந்து வந்தால், காருக்கு அடியில் மனைவியின் கால்கள். பக்கத்தில் செல்போன். அதில் மாமியார்.

"ஹோஸை முறுக்காதேடி. குழாய்க்குள்ள இருந்த காத்தை எடுத்தியா?"

"எடுத்தாச்சும்மா."

"மாப்பிள்ளை என்ன பண்றார்?"

"நிக்கிறார்."

"நிக்கட்டும். கார் நிக்காம இருந்தாச் சரி."

கார் நிற்கவில்லை. குலுங்கவும் இல்லை. தெருநாய்கள் துரத்த மறந்து ஒதுங்கி நின்றன. கியர் இல்லாததால் பின்பக்கமும் அதே வேகம். ஸ்டேஷனிலிருந்து வரும்போது தெருமுனையிலிருந்து வாசல்வரை ரிவர்ஸிலேயே காரைப் பறக்கவிட்டு வந்தாள் என் மகராசி.

மாமியார் இறங்கினார். குனிந்து ஹோஸைத் தடவிப் பார்த்தார்.

"யோசனை அபாரம் மாப்பிள்ளை. ஆனா ஒரு சொட்டு கசிஞ்சாலும் வம்பு. தினம் பாத்துக்க விவரம் தெரிஞ்ச ஆள் வீட்டோட இருக்கணும்."

"நான் இருக்கேனே, அத்தை."

"அதனாலதான் சொல்றேன்."

இப்போது அவர் துணிகள் என் அலமாரியில். என் துணிகள் கார் டிக்கியில். கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் வேண்டாம். டிக்கியும் போய்விடும்.