சுடலைமாடன் சாட்சியாக மதுவிலக்கு

தாராவி, பம்பாய்
வியய வருஷம், ஆடி 26

மரியாதைக்குரிய மாமா வானமாமலை அவர்கள் சமூகத்திற்கு, மூத்த மருமகன் பிரம்மநாயகம் வணங்கி எழுதிக்கொண்டது.

இங்கு யாவரும் சுகம் என்று எழுதுவது மரியாதை என்பதால் எழுதுகிறேன். அங்கு அத்தையும் பூமாரியும் சுகம் என்று நீங்களும் அதே மரியாதைக்காகத்தான் எழுதியிருப்பீர்கள்.

என் தம்பி கணேசபாண்டியன் குடியை விட்டுவிட்டான் என்று நான் கைப்பட எழுதினால் மகள் பூமாரியைத் திரும்ப அவனிடம் அனுப்புவதாகவும், இல்லாவிட்டால் ஆடி கழிந்ததும் ஊரைக் கூட்டி உறவைத் தீர்த்துவிடுவதாகவும் தங்கள் கடிதத்தில் கண்டிருந்தது. என்னைக் கேட்டது சரியே. தாராவி தென்னாட்டார் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர் நான். தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர்களில் கையெழுத்து நன்றாக உள்ளவன் நான் ஒருவனே என்பதால் அந்தப் பதவி வந்து சேர்ந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது அங்கே மூட்டை தூக்கிக்கொண்டிருந்த இவன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அதிர்ஷ்டக்காரன் என்றோம். அதிர்ஷ்டக்காரன் அன்றிலிருந்து தூங்கவில்லை. யாராவது கதவைச் சாத்தினால் கட்டிலுக்கு அடியில் போனான். குடித்தால் தூக்கம் வருகிறது என்று பிறகு கண்டுபிடித்தான். சங்க விதிகளில் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் கிடையாது, குடியைப் பற்றி மட்டுமே உண்டு.

எங்கள் சங்கத் தலைவர் மாதுங்காவில் இருக்கும் மகாதேவ ஐயர், ஓய்வுபெற்ற ஹெட் கிளார்க். "மனசுல உறுதி இருந்தாப் போறும், எல்லாம் தன்னால நின்னுடும்" என்று சொல்லி, குடிகாரனின் ஈரலைக் கலர் படமாகச் சுவரில் மாட்டினார். நம் ஆட்கள் கவனமாகப் பார்த்தார்கள். ஒருவன் மட்டும் "ஐயரே, இது ஆட்டு ஈரலா மாட்டு ஈரலா?" என்று கேட்டான். அன்று சாயங்காலம் தாராவிக் கடைகளில் ஈரல் வறுவல் மிஞ்சவில்லை.

படம் போதாது, கற்பூரம் அணைத்துச் சத்தியம் வாங்கவேண்டும் என்று சொன்னவன் நான்தான். சுடலைமாடன் பீடத்தின் முன்னால் நாற்பத்தொரு பேர் கற்பூரத்தைக் கையால் அணைத்தோம். முதலில் அணைத்தவன் கணேசபாண்டியன். மூன்றாவது தடவைதான் தீ அணைந்தது. சங்கப் புத்தகத்தில் ஒரு தடவை என்றே எழுதியிருக்கிறேன். சாராயமும் சுருட்டும் படையலாகக் கேட்கிற சாமியின் முன்னால் போய்க் குடிக்கமாட்டேன் என்கிறோமே என்று எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ஐயருக்குத் தோன்ற நியாயமில்லை, அவர் சாமிக்குச் சர்க்கரைப் பொங்கல் போதும்.

பன்னிரண்டு நாளில், அதாவது நேற்று, சாமிக்குக் கொடைத் திருவிழா வந்தது. சாராயத்துக்குப் பதில் சோடாவில் டீத்தண்ணீர் கலந்து படையலில் வைத்தோம். சாமியாடியும் சத்தியம் செய்தவர்தான், பட்டியலில் பதினேழாவது பெயர். அருள் வந்து ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"ஏலே செகரட்டரி! என் வாசல்ல வந்து கற்பூரத்த அணைச்சியள, என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளாலே?"

"மதுவிலக்கு, சாமி" என்றேன்.

"ஒனக்குத்தாம்ல வெலக்கு. எனக்கு எவம்ல வெலக்குனது?"

தலைவர் அந்தச் சமயம் பார்த்துக் கண்ணை மூடி ஜபத்தில் இறங்கிவிட்டார். நின்றபடியே கமிட்டி கூடி, சாமிக்கு மட்டும் ஒரு பாட்டில் என்று தீர்மானித்தது. வழியில் குடிக்காமல் கொண்டுவர நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று, சட்டையில் சங்கத்து பேட்ஜோடு என்னையே அனுப்பினார்கள். சாமிக்குப் போய் அளவு சொல்லலாமா என்று பானையாகவே வாங்கிவந்தேன். சாமி குடித்தது போக மிச்சம் பிரசாதம். பிரசாதத்தை மறுத்தால் தெய்வக் குற்றம் இல்லையா? பானை வரிசையாகச் சுற்றி வந்தது. செயலாளர் ஆயிற்றே என்று எனக்கு இரண்டு தம்ளர் ஊற்றினார்கள்.

மத்தியானம் உச்சிக் கொடை முடிந்து வேட்டுப் போட்டார்கள். முதல் வேட்டிலேயே தங்கள் மருமகன் சேற்றில் குப்புற விழுந்து, காதைப் பொத்திக்கொண்டு, "கப்பலு, கப்பலு" என்று கத்தினான். "குடிச்சிருக்கான்!" என்றது கூட்டம். நானே குனிந்து அவன் வாயை மோந்து பார்த்தேன் மாமா. சாராய வாடை ஆளைத் தூக்கியது. ஐயர் கண்ணைத் திறந்து, "கார்த்தாலேயே ஏத்திண்டு வந்திருக்கான்" என்றார். ஏற்கெனவே புகார் உண்டு. கப்பல் வெடித்த அன்று கூட மூட்டை தூக்கிய மன்சூர் அலியோடு தினமும் சாயங்காலம் உப்பங்கழியோரம் போய் உட்காருகிறான். அங்கே இரண்டு பேரும் தவமா செய்வார்கள்? பிரசாதம் சாப்பிட்டவர்கள் எல்லோரும் கை தூக்கி, குடித்த குற்றத்துக்காக அவனைச் சங்கத்திலிருந்து நீக்கினோம். தீர்மானத்தை என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

ஆகவே மனசாட்சிக்கு விரோதமில்லாமல் எழுதுகிறேன். அவன் திருந்தவில்லை. பூமாரியை அனுப்பவேண்டாம். தங்கள் இஷ்டப்படி தீர்த்துக்கொள்ளவும்.

அத்தைக்கு என் வணக்கம், வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆசி. சுடலைமாடன் எல்லோரையும் காப்பாற்றட்டும். அவனுக்கு நாங்கள் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்படிக்கு,
பிரம்மநாயகம்,
செயலாளர்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயம் மன்சூர் அலி வந்தான். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னான், படித்தேன்.

"அண்ணாச்சி, பானை வரும்போது அவன் என் பக்கத்துலதான் நின்னான். கையப் பின்னால கட்டிக்கிட்டான். தொடவே இல்ல."

"அப்பம் தெனமும் கழியோரம் என்னதாம்ல பண்ணுதிய?"

"ஒண்ணும் பண்ணல. சயான் ஸ்டேஷன்ல ரயிலு ஊதுனா என் கைய அவன் பிடிச்சிக்கிடுவான், அவன் கைய நான் பிடிச்சிக்கிடுவேன். எனக்கும் அப்படித்தான அண்ணாச்சி இருக்கு. இப்பம் குடிக்காமலே ரெண்டு மணி நேரம் தூங்குதான்."

"பின்ன அந்த வாடை?"

அவன் என் வாயைப் பார்த்தான்.

மாமா, அந்த வாடை என்னுடையது. இரண்டு தம்ளரை உள்ளே விட்டுவிட்டுத்தான் குனிந்து அவனை மோந்தேன். நாற்பத்தொரு பேரில் சத்தியத்தைக் காப்பாற்றியவன் அவன் ஒருவன். மேலே எழுதியதைக் கிழிக்கவில்லை. யாரிடம் நற்சாட்சி கேட்டீர்கள் என்று உங்களுக்கும் தெரியட்டும். பூமாரியை உடனே அனுப்புங்கள். தாதர் ஸ்டேஷனுக்கு நான் வரவில்லை, எனக்கு வெட்கமாக இருக்கிறது. தம்பி வருவான். என்ஜின் ஊதும் இடமாயிற்றே, கையைப் பிடித்துக்கொள்ள மன்சூரும் கூட வருவான். வண்டியை விட்டு இறங்கியதும் அந்தக் கையைப் பூமாரி வாங்கிக்கொள்ளட்டும்.