நன்சியோ பல்லடீனோவின் லேசான சீஸ்ஸ்டேக்

ஊருக்காக உயிரைக் கொடுத்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. ஊருக்காக வயிற்றைக் கொடுத்தவர் ஒருவர்தான்: தெற்கு ஃபிலடெல்ஃபியாவின் நன்சியோ பல்லடீனோ.

நன்சியோ 'பொன்மயில்' வாத்தியக் குழுவின் தலைவர். புத்தாண்டு ஊர்வலத்தில் தெருவை அடைக்கும் தோகையைக் கட்டிக்கொண்டு, பாஞ்சோக்களும் சாக்ஸஃபோன்களும் பின்தொடர முன்னால் ஆடி வருபவர். அந்த வருஷம் இலையுதிர்காலத்தில் உடுப்பைப் போட்டுப் பார்த்தபோது, முதுகில் ஜிப் பாதி தூரம் வந்து, மேற்கொண்டு பயணம் செய்ய மறுத்துவிட்டது. டாக்டர் ஹாலப் அம்மையார் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு இன்னும் மோசமாகப் பேசினார்.

"இந்த எடையோட அந்த இறகு மூட்டையையும் சுமந்து ஆடினா, உங்க ஊர்வலம் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வரும். முதல்ல அந்த சீஸ்ஸ்டேக்கை நிறுத்துங்க."

குழுவின் அவசரக் கூட்டம் கூடியது. நன்சியோவின் மைத்துனரும், குழுவின் செயலாளரும், கூரை வேய்வதில் வல்லவருமான ஆகி என்பவர் தலைமை வகித்தார்.

"தலைவரே, நீ இளைச்சாகணும்" என்றார் ஆகி.

நன்சியோ எழுந்து நின்றார். "ஆடுறதை விடச் சொல்லு, விடறேன். சர்ச்சுக்குப் போறதை விடச் சொல்லு, அதையும் யோசிக்கிறேன். ஆனா சுடச்சுட நீள ரொட்டிக்குள்ள மெலிசா சீவின மாட்டுக்கறி, வெங்காயம், அது மேல உருகி வழியற சீஸ், இதை விட்டுட்டு நான் யாருக்காக உயிரோட இருக்கணும்?"

கூட்டத்தில் இருவர் தொப்பியைக் கழற்றினர். டிரம் வாசிப்பவர் அழுதேவிட்டார்.

நீண்ட விவாதத்துக்குப் பிறகு வரலாற்றுச் சிறப்புமிக்க தீர்மானம் நிறைவேறியது. தலைவர் இளைக்க வேண்டியதில்லை. சீஸ்ஸ்டேக் இளைக்க வேண்டும். அப்போது தலைவர் தானாகவே இளைப்பார். கடையில் அல்ல, வீட்டில், 'விஞ்ஞான முறைப்படி' அது தயாராகும். நிறைவேற்றும் பொறுப்பு லொரெட்டாவுக்கு. லொரெட்டா நன்சியோவின் மனைவி. கூட்டத்தில் அவளும் இருந்தாள். எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஓட்டெடுப்பின்போது கெட்டில் கையில் இருந்ததால் அவளால் கையைத் தூக்க முடியவில்லை. ஆகவே எதிர்ப்பு இல்லை என்று பதிவாயிற்று.

முதல் சமையலுக்கு மேற்பார்வைக் குழு வந்து இறங்கியது. அதாவது ஆகி வந்தார்.

லொரெட்டா இறைச்சியை ஃப்ரீசரில் அரைகுறையாக உறைய விட்டு, கண்ணாடிபோலச் சீவினாள். ஓரத்து வெள்ளைக் கொழுப்பை வெட்டித் தனியே வைத்தாள். கறியைப் பாதியாகக் குறைத்து, காளானும் குடைமிளகாயும் போட்டு, பேருக்கு ஒரு சொட்டு எண்ணெயில் வதக்கினாள்.

"காளானா?" என்று நன்சியோ வாணலிக்குள் எட்டிப் பார்த்தார்.

"கறி மாதிரியே இருக்கும்."

"என் மாமியார் கூடத்தான் என் அம்மா மாதிரியே இருப்பா."

"எங்கம்மாவை இழுக்காதே. கையில கரண்டி இருக்கு."

"ரொட்டி பெருசா இருக்கே, லொரெட்டா" என்று மேற்பார்வைக் குழு குறுக்கிட்டது. "வயித்தைக் கிழிச்சு உள்ளே இருக்கிற சதையைத் தோண்டி எடுத்துடு. வெறும் தோல் போதும்."

"அப்படியே உனக்கும் செஞ்சு விடவா?"

ஆனாலும் தோண்டினாள். சீஸில் வழக்கமான அளவில் முக்கால்வாசியை ஆகி பிடுங்கி ஓரமாக வைத்தார். மிச்சம் வாணலியில் உருகி, காளான்மீது மெல்லிய போர்வையாகப் படர்ந்தது. நன்சியோ கண்ணை மூடிக்கொண்டு கடித்தார். மென்றார். கண்ணைத் திறந்தார்.

"என்ன?" என்றார் ஆகி.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் நன்சியோ, துரோகம் செய்துவிட்டவரின் குரலில்.

அன்று முதல் அவருடைய தவவாழ்வு ஆரம்பமாயிற்று. தினமும் மேஜையில் உட்கார்ந்தால் லேசான சீஸ்ஸ்டேக் தானாக வந்து நின்றது. தானாக வந்தது என்றுதான் அவருக்குத் தோன்றியது. லொரெட்டா உடன் உட்காருவதில்லை. அடுப்புப் பக்கம் நின்றபடியே எதையோ வாயில் போட்டுக்கொள்வாள். பெண்களுக்கு நின்றுகொண்டு சாப்பிடுவதுதான் பிடிக்கும் என்பது நன்சியோவின் ஆராய்ச்சி முடிவு.

அவர் இளைத்தார். முதலில் கன்னம், பிறகு தொப்பை, கடைசியாகப் பணிவு. தெருவில் போகிறவர்களை நிறுத்தி உபதேசம் செய்தார்.

"எல்லாம் மனசுதான்டா. ஒவ்வொரு நாளும் எவ்வளவு கொழுப்பை வேண்டாம்னு ஒதுக்கறேன் தெரியுமா? தியாகம்டா, தியாகம்!"

சர்ச் மண்டபத்தில் 'மன உறுதி' பற்றிப் பேச அவரை அழைத்தார்கள். பேசினார். கைதட்டல் வெளியே தெருவில், காரை நிறுத்த இடம் பிடித்து யாரோ போட்டு வைத்திருந்த நாற்காலி வரை கேட்டது. இடைவேளையில் லொரெட்டா மாடிப்படி ஏறித் தட்டு நிறைய பலகாரம் கொண்டுவந்தாள். கொஞ்சம் மூச்சு வாங்கியது. "நீயும் என்னைப் பார்த்துக் கத்துக்கக் கூடாதா?" என்று நன்சியோ பெருந்தன்மையோடு கேட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறுதிப் பரிசோதனை. ஆகி வாத்தியக் குழுவையே டாக்டர் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்தார். நன்சியோ எடை மெஷினில் ஏறினார். டாக்டர் ஹாலப் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"அற்புதம், மிஸ்டர் பல்லடீனோ! ரத்த அழுத்தம் சின்னப் பையனோடது மாதிரி இருக்கு. தாராளமா ஆடுங்க."

ஜன்னல் வழியே நன்சியோ கட்டைவிரலை உயர்த்திக் காட்ட, கீழே பாஞ்சோக்கள் வெடித்தன. தெருவே ஆடியது. அந்த ஆனந்தத்தில் அவர் திரும்பிப் பார்த்தபோது, கூட வந்திருந்த லொரெட்டா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"தலை சுத்துதா?" என்று கேட்டபடியே டாக்டர் அவளை உட்காரவைத்து, கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. பிறகு அவளை எடை மெஷினில் ஏற்றினார். முள் எழுந்து, நன்சியோ கைவிட்டுவிட்டு வந்த பழைய இடம் வரைக்கும் போய் நின்றது.

"மிஸஸ் பல்லடீனோ, இது எப்படி? ஒரே வீடு, ஒரே சமையல்!"

நன்சியோவுக்குத் தன் மன உறுதிக்கு இழுக்கு வந்துவிட்டதாகத் தோன்றியது. "அப்படி என்னதான் தின்னே, லொரெட்டா?"

லொரெட்டா கோட்டை மாட்டிக்கொண்டாள். பொத்தான் எட்டவில்லை.

"தோண்டின ரொட்டி, வெட்டின கொழுப்பு, பிடுங்கின சீஸ். சாப்பாட்டைக் குப்பையில கொட்ட எனக்கு மனசு வருமா?" என்றாள். "தினம் தினம் நீ தியாகம் பண்ணினியே நன்சியோ, அதைத்தான் தின்னேன்."