மீசை போன நாளில் வந்த ரோஜா மாலை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடி இல்லை, சீட்டு இல்லை. நூறு வயதான சவரக் கருவிகளைத் தேடிப்பிடித்து வாங்குவேன். வாங்கியதோடு நிற்காமல் அவற்றால் சவரமும் செய்துகொள்வேன். மண்ணூரில் எங்கள் வீட்டு பீரோவில் இப்போது பதினொன்று இருக்கின்றன. புடவை வைக்க இடமில்லை என்று அம்மா புலம்புகிறாள்.

இவற்றில் போடுவது, நாம் தூக்கியெறிகிற மெல்லிய பிளேடு அல்ல. முதுகு தடித்து, முனை மெலிந்து, மரம் பிளக்கும் ஆப்பு போலிருக்கும் குட்டிக் கத்தி. ஒவ்வொரு முறையும் தோல்வாரில் தீட்டியாக வேண்டும். கொஞ்சம் கோணலாகப் பொருத்தினாலும் தோலோடு வரும். இதையெல்லாம் ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலை கேன்டீனில் நான் பிரசங்கம் செய்யாத நாளில்லை. (நான் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் சம்பளம்.) "ஒரு நாளு மூக்க அறுத்துக்கினு வரப்போற, பாரு" என்பான் லைனில் வேலை செய்யும் நண்பன் தாஸ்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து நான் எட்டு நாள் லீவில் இருந்தேன். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்தும் அவருக்குப் பயம் போகவில்லை. தெருவில் சங்குச் சத்தம் கேட்டால் டிவியைச் சத்தமாக வைக்கச் சொல்வார்.

லீவு முடிந்த மறுநாள் எனக்கு முதல் ஷிப்ட். அவசரத்தில் பிளேடைக் கோணலாகப் பொருத்திவிட்டேன். மீசையின் இடது பாதி ஒரே இழுப்பில் போனது. வலது பாதியை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? அதையும் எடுத்தேன். உதட்டில் இரண்டு வெட்டு. படிகாரம் வைத்த எரிச்சலில் கண் வேறு சிவந்துவிட்டது. அப்பா எழுவதற்குள் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில், முகம் பார்த்து வருகை பதியும் மெஷினுக்காக மாஸ்க்கைக் கழற்றினேன். பக்கத்தில் நின்ற தாஸ் என் மேலுதட்டைப் பார்த்தான். எங்கள் பக்கம் மீசை வைத்தவன் அதை மழிப்பது, பெற்றவருக்குக் கொள்ளி வைக்கும்போதுதான்.

"இன்னா மச்சி... ஒரு போன் பண்ணக்கூடாதா? அப்பா போய்ட்டாருன்னு சொல்ல மாட்டியா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர்.

அங்கேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ரிட்டயர் ஆகும்வரை கேன்டீனில் நான்தான் காமெடி. பெற்ற தகப்பனைவிட என் மானம் பெரிதாகத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டேன். விஷயம் கேள்விப்பட்டு சூப்பர்வைசரே ஓடி வந்தார். "பதினாறு கூட ஆயிருக்காதே, உன்ன யாருப்பா வரச் சொன்னது? வூட்டுக்குப் போ" என்று கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு எந்த முகத்தோடு போவது? இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டீக்கடையில் ஷிப்ட் முடியும்வரை உட்கார்ந்துவிட்டு, மறுபடி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு போனேன். தெருமுனை திரும்பும்போதே வாசலில் கம்பெனி வேன் தெரிந்தது; ஓடினேன். அப்பாவை அவர்கள் யாரும் அதுவரை பார்த்ததில்லை. சூப்பர்வைசர் கையில் ரோஜா மாலை, அப்பாவின் படத்துக்குப் போட. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா.

"பெரியவரே, முனுசாமி வூடு இதானே?" என்று சூப்பர்வைசர் அவரிடமே கேட்டார்.

"நாந்தான் முனுசாமி. வாங்க, வாங்க."

யாரும் அசையவில்லை. அப்பா மாலையைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பிழைத்து வந்ததற்கு மரியாதை செய்ய வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பாக, கஷ்டப்பட்டு எழுந்து, கழுத்தை நீட்டினார். சூப்பர்வைசர் மாலையைப் போட்டார். தாஸ் கைதட்டினான். (அந்த ஒரு காரியத்துக்காக அவனை இன்றும் மதிக்கிறேன்.) மற்றவர்களும் தட்டினார்கள்.

"பாத்தியாடா, உன் கம்பெனில எனக்கு எவ்ளோ மரியாத! வூட்ல இன்னாத்துக்கு மாஸ்க்கு?" என்று அப்பாவே அதை இழுத்தார்.

என் உதட்டைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். வந்தவர்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்பா மாலையை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்து நான் அழுதேவிட்டேன். "வந்தவங்களுக்கு டீ போட்டுக் குடு" என்று அம்மாவிடம் சொன்னார்.

இப்போதும் நான் பிளேடு தீட்டும் சத்தம் கேட்டால் போதும், வாசலிலிருந்து குரல் வரும்: "டேய், நா இன்னும் கீறேன்டா!" வீடே சிரிக்கும். சில நாள் இன்னொன்றும் சேர்த்துக்கொள்வார்: "நெசமா போற அன்னிக்காவது ஒரு புது பிளேடு வாங்குடா."

அதற்கும் எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் தலை நிமிராமல், அந்தப் பழைய பிளேடையே தீட்டிக்கொண்டிருப்பேன்.