பதினேழாம் அத்தியாயத்தில் பிழையே இல்லை

இனிமேல் இந்த வீட்டுக்குள் காதல் நுழையக் கூடாது என்று ஒற்று சார் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீர்மானம் போட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம் ஆன வீட்டுக்கு இப்படி ஒரு தீர்மானம் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். அவர் சொன்னது புத்தகக் காதலை.

ஒற்று சார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, அச்சகத்தில் வைத்தது. முப்பது வருஷமாக அங்கே பிழை திருத்துகிறார். பாடப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற காகிதம் என்று எது வந்தாலும், விட்டுப்போன க், ச், த், ப்பையெல்லாம் தேடிப் பிடித்துச் செருகிவிட்டுத்தான் அவருடைய பென்சில் ஓயும். வீட்டிலும் அதே கதைதான். மனைவி மளிகைச் சீட்டில் 'சோப்பு தூள்' என்று எழுதினால் நடுவில் ஒரு 'த்' போட்டுத் திருத்திக் கொடுப்பார். கடைக்குப் போய் வாங்கி வருவது அவள்.

கல்யாணமான புதிதில், அம்மா வீட்டுக்குப் போயிருந்த மனைவி பிரிவு தாங்காமல் இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். சார் அதில் ஏழு இடங்களில் சிவப்பு வட்டம் போட்டு, 'கருத்து நன்று, ஒற்றில் கவனம் தேவை' என்று கீழே குறிப்பெழுதி, மறு தபாலிலேயே திருப்பி அனுப்பினார். அதற்குப் பிறகு அவள் அவருக்குக் கடிதமே எழுதவில்லை. அதோடு பிழையும் நின்றுவிட்டதில் சாருக்குப் பரம திருப்தி.

கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. நாலு தட்டு. நாலிலும் அகராதியும் இலக்கணமும் இடித்துக்கொண்டு நிற்கும். பூட்டின் சாவி சாருடைய சட்டைப் பையில். மனைவியின் நாவல்கள் குடியிருப்பது சமையலறையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில். ஒரே ஒரு தட்டு கேட்டுப் பதினைந்து வருஷமாக மனுப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எந்தக் கதையைத் திறந்தாலும் வெங்காய வாசனைங்க. சோகக் கதைன்னா பரவாயில்லை. சிரிப்புக் கதைக்கும் கண்ணு எரியுது."

"அலமாரி இலக்கியத்துக்கு," என்பார் சார். மனு தள்ளுபடி.

அந்த வெள்ளிக்கிழமை சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தார். ஒரு கையில் கரண்டி, இன்னொரு கையில் புத்தகம். அட்டையில் ஒரு வாலிபன். சட்டை இருந்தது, பொத்தான்களைக் காணவில்லை. மேலே கொட்டை எழுத்தில்: மூன்று மாத காதலன்.

"என்ன இது?"

"நாவலுங்க. எங்க பல் ஆஸ்பத்திரியில சுத்துல இருக்கு. டாக்டரம்மா படிச்சாங்க, நர்ஸ் படிச்சா, இப்ப ரிசப்ஷன் முறை. அதாவது நான்."

"மாத காதலன். நடுவுல 'க்' எங்க?"

"மூணு மாசம்தானேன்னு விட்டிருப்பாங்க."

"விளையாடாதே. ஒற்றே இல்லாத இடத்துல ஒட்டு எப்படி வரும்?"

"ஒட்டு வராதுன்னுதான் ஒப்பந்தமே போடறாங்க. கேளுங்களேன். அவ கண் டாக்டர். கல்யாணம் பண்ணிக்கோன்னு வீட்டுல ஒரே நச்சரிப்பு. அதனால ஒரு மாட்டு டாக்டரைப் பிடிச்சு, மூணு மாசம் எனக்குக் காதலனா நடின்னு கேக்கறா. ஆளு மாடல் மாதிரி இருப்பான்."

"மாடலோ மாடோ, சுத்தக் குப்பை!"

"படிக்காமலே குப்பைன்னா எப்படிங்க?"

"பத்துப் பக்கம் போதும் எனக்கு. நாளைக்கே பாத்துச் சொல்றேன்."

"பதினோராம் பக்கம் போயிட்டீங்கன்னா?"

"போனா அலமாரிச் சாவியே உன்னோடது!" என்று சார் சட்டைப் பையில் தட்டிக் காட்டினார். "போகலைன்னா, வெங்காயக் கூடைக்குப் பக்கத்துல இருக்கிற அத்தனையும் பழைய பேப்பர்காரருக்கு."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். அங்கே இருந்தவை நாற்பது நாவல்கள், அத்தனையும் பஸ்ஸிலும் சாப்பாட்டு வேளையிலும் அவள் படித்துப் படித்து முனை மடங்கியவை. ஒரு கணம் முகம் வாடியது. பிறகு, "சரிங்க," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. அச்சகத்துக்கு விடுமுறை, ஆஸ்பத்திரிக்கு இல்லை. மனைவி கிளம்பிப் போனபின் சார் கூடத்துக்கு வந்தார். மேசைமேல் நாவல். அதன்மேல் கூராகச் சீவிய பென்சில் ஒன்று. என்ன இருந்தாலும் பொறுப்பானவள் என்று நினைத்தபடி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் பத்துப் பக்கமும் அவருக்குக் கொண்டாட்டம். காதலுக்கு ஒப்பந்தமாம், சாட்சிக் கையெழுத்து வேறு! கதாநாயகன் பக்கத்துக்கு மூன்று பெருமூச்சு விடுகிறான், யாராவது அவனுடைய நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் தேவலை. அவனுடைய தோள் ஆறு இடங்களில் வருகிறது. மூளை ஓர் இடத்திலும் வரவில்லை. "குப்பை, குப்பை," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பத்தாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தார்.

'அவன் அவள் காதருகே குனிந்து, தாழ்ந்த குரலில்'

அவ்வளவுதான். பக்கம் முடிந்துவிட்டது.

சார் புத்தகத்தை மூடினார். திறந்தார். தாழ்ந்த குரலில் என்ன? எழுவாய் இருக்கிறது, பயனிலையைக் காணோம். பயனிலை இல்லாமல் ஒரு வாக்கியத்தை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவது முப்பது வருஷ அனுபவத்துக்கு அழகா? இலக்கணத்தை முன்னிட்டு, ஆம், இலக்கணத்தை மட்டுமே முன்னிட்டு, சார் பதினோராம் பக்கத்துக்குப் போனார்.

பயனிலை கிடைத்தது. ஆனால் கையோடு அந்தப் பெண்ணின் அத்தையும் வந்துவிட்டாள். இருவரும் நிஜக் காதலர்கள்தானா என்று துருவித் துருவிக் கேட்டாள். சார் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "உளறிடாதேடா," என்று மாட்டு டாக்டரிடம் கெஞ்சினார்.

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் கொஞ்சம் நிறுத்தினார். மாட்டு டாக்டர் அவளுக்குக் காபி கலந்து கொடுக்கிறான். அரை ஸ்பூன் சர்க்கரை, நுரை வேண்டாம். அவள் என்றோ ஒருநாள் போகிறபோக்கில் சொன்னதை நினைவில் வைத்திருந்தானாம். தன் மனைவி காபிக்கு எத்தனை ஸ்பூன் போட்டுக்கொள்வாள்? யோசித்தார். கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் பட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இதற்கு விடை வரவில்லை. அவருக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பிற்பகலில் யாராவது வந்தால் வம்பாயிற்றே என்று நாவலை அகராதிக்குள் வைத்துக்கொண்டார். பயந்தபடியே எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், வாங்கிப்போன ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். பதினாறாம் அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முடிந்து, நடிப்பும் முடிந்ததென்று நினைத்து, அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

"சார், அழறீங்களா?"

"இல்லப்பா. அகராதி."

"அகராதியைப் படிச்சா அழறீங்க?"

"உனக்குத் தெரியாது. இந்த 'ஊ' வரிசை இருக்கே, ரொம்பச் சோகம்."

எலக்ட்ரீஷியன் ஏணியை அப்படியே சுவரில் சாய்த்துவிட்டுச் சத்தமில்லாமல் போய்விட்டார்.

பிறகு பதினேழாம் அத்தியாயம் வந்தது. அதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்வதற்கில்லை. மழை பெய்தது, மின்சாரம் போனது, ஒப்பந்தம் கிழிந்தது. ஒப்பந்தம் மட்டும்தானா என்று கேட்காதீர்கள். சார் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்தினார். வேர்க்கிறதென்று திறந்தார். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிறதென்று மறுபடி சாத்தினார். "சீச்சீ!" என்றார். பதினெட்டுப் பக்கத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு சீச்சீதான். முடித்ததும், சரியாகக் கண்டிக்காமல் விட்டோமோ என்று சந்தேகம் வந்து, அதே அத்தியாயத்தை முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார்.

ஆறு மணிக்கு மனைவி வந்தபோது நாவல் மேசைமேல் வைத்த இடத்திலேயே இருந்தது. அகராதி அலமாரியில் இருந்தது. சார் முகத்தில் அருவருப்பு இருந்தது. கதையில் அவர்கள் காதலிப்பதாக நடித்தார்கள் என்றால், கூடத்தில் இவர் வெறுப்பதாக நடித்தார். நடிப்பில் மாட்டு டாக்டர் இவர் பக்கத்தில் நிற்க முடியாது.

"பத்துப் பக்கம் படிச்சேன். தலைவலியே வந்துடுச்சு. பழைய பேப்பர்காரர் நாளைக்குத்தானே வருவார்?" என்றவர், ஒரு டம்ளரை நீட்டினார். "இந்தா, காபி."

மனைவி டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவர் அடுப்பு பற்றவைத்து அவள் பார்த்ததில்லை. ஒரு வாய் குடித்தாள்.

"சர்க்கரை எவ்வளவு போட்டீங்க?"

"ரெண்டு ஸ்பூன்."

"நான் சர்க்கரையை விட்டு நாலு வருஷம் ஆச்சுங்க." ஆனாலும் கீழே வைக்கவில்லை. மெதுவாகக் குடித்துக்கொண்டே கேட்டாள். "பாவம், கடைசியில அந்த மாட்டு டாக்டர் செத்துப்போறானாமே?"

"ஐயோ, இல்..." சார் இருமினார். இருமி இருமிச் சமாளித்தார். "எனக்கெப்படித் தெரியும்? நான் பத்தாம் பக்கத்தோட சரி."

"வாசல்ல எலக்ட்ரீஷியன் தம்பியைப் பாத்தேன். 'அக்கா, சாரை ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க, அகராதியைப் படிச்சு அழறாரு'ன்னுச்சு."

"ஆமா. ஊழ், ஊனம், ஊமை. எல்லாம் ஒரே பக்கத்துல. மனுஷன் எவ்வளவுதான் தாங்குவான்?"

தப்பித்துவிட்டோம் என்று சார் சாய்ந்து உட்கார்ந்தார். மனைவி நாவலைக் கையில் எடுத்தாள்.

அட்டையிலேயே இருந்தது. 'மாத'வுக்கும் 'காதல'னுக்கும் நடுவில் பென்சிலால் அழகாக ஒரு 'க்'. பதினைந்தாம் பக்கத்தைத் திருப்பினாள். 'அவளுக்கு கோபம்' என்ற இடத்தில் ஒரு 'க்'. நூற்று நாற்பதில் 'தேடி போனான்', அங்கே ஒரு 'ப்'. இருநூற்று அறுபதில் இரண்டு 'த்'. சாரின் கை மெல்லக் காதுக்குப் போனது. பென்சில் அங்கேயேதான் இருந்தது. அது எப்போது இறங்கியது, எப்போது ஏறியது என்று அவருக்கே தெரியாது.

"பத்துப் பக்கம்னீங்க?"

முப்பது வருஷ அனுபவம் கைகொடுத்தது. சார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பத்துப் பக்கம்தான் படிச்சேன். மிச்சம் பிழை பாத்தேன். படிக்கறது வேற, பிழை பாக்கறது வேற. என் கண்ணு எழுத்தை மட்டும்தான் பாக்கும், கதை உள்ளேயே போகாது. எத்தனை ஆயிரம் கல்யாணப் பத்திரிகை பாத்திருப்பேன், ஒரு கல்யாணத்துக்காவது போயிருக்கேனா?"

"கதையே உள்ளே போகலையா?"

"ஒரு வரி போகலை."

"எழுத்து மட்டும்தான்?"

"எழுத்து மட்டும்தான். இது தொழில். பந்தயத்துல சேராது."

மனைவி தலையாட்டினாள். "நியாயம்தாங்க," என்றாள். சாருக்கு வெற்றி நெஞ்சுவரை வந்தது. நாற்பது நாவலும் எத்தனை கிலோ தேறும் என்றுகூட நினைத்தார்.

"அப்ப இந்தப் பதினேழாம் அத்தியாயம்?" என்றாள். "ஒரு கோடுகூட இல்லையே."

"அதுவா? அதுல பிழை இல்லை."

"'கையை பிடித்தான்.' முதல் வரிங்க. 'அவனை பார்த்தாள்.' ரெண்டாவது வரி. உங்களோட இருபத்தாறு வருஷம் குடித்தனம் பண்ணினதுல எனக்கே பத்து ஒற்று காணோம்னு தெரியுது. மழை கொட்டுற இடத்துல, 'அவன் அவளுக்கு மொத்தம் கொடுத்தான்'னு அச்சாகியிருக்கு. அதைக்கூடவா பாக்கலை? நான் எழுதின ரெண்டு பக்கக் கடுதாசியில ஏழு பிழை கண்டுபிடிச்ச கண்ணு, இந்தப் பதினெட்டுப் பக்கமும் எங்க போச்சு?"

சார் வாயைத் திறந்தார். பயனிலை வரவில்லை.

"பென்சிலை எதுக்குச் சீவி வெச்சுட்டுப் போனேன்னு நினைச்சீங்க?" மனைவி காலி டம்ளரை மேசைமேல் வைத்தாள். "சரி, அந்தக் க், ச், த், ப்புக்கெல்லாம் இலக்கணத்துல என்ன பேருங்க?"

"மெய்..." என்றார் சார் ஈன சுரத்தில். "மெய்யெழுத்து."

"அதைத்தாங்க மறந்துட்டீங்க. மெய்மறந்து படிச்சிருக்கீங்க," என்று மனைவி கையை நீட்டினாள். "சாவி."